கொச்சி பென்ஸா, பாளையங்கோட்டை ஹாரியரா?

கேள்வி: எனக்கு வயது 57. சேரன்மகாதேவியில் வீடு, கால்வாய்க்கரையை ஒட்டி 5 ஏக்கரில் வாழையும் நெல்லும். 11 ஆண்டுகள் ஓட்டிய சிறிய காரைக் கொடுத்துவிட்டேன். கையில் 18 லட்சம் வரை இருக்கிறது. கடன் வாங்க விருப்பமில்லை. கொச்சியில் ஒரு 2017 பென்ஸ் சி-கிளாஸ் டீசல், 58,000 கி.மீ. ஓடியது, 17 லட்சம் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு 2019 டாடா ஹாரியர், 74,000 கி.மீ., ஒரே உரிமையாளர், பத்தரை லட்சம். வீட்டில் நான், மனைவி, 79 வயதுத் தாயார். அம்மாவுக்கும் எனக்கும் முழங்கால் வலி உண்டு. மகளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாதம் இரண்டு முறை போய் வருவோம். வருடத்தில் நான்கைந்து தடவை மதுரை, ஒரு தடவை சென்னை. தோட்டத்துக்குத் தினமும் வண்டியில்தான் போவேன். ஒரு தடவையாவது பென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாப்பிள்ளையோ நம் ஊருக்கு எஸ்யூவிதான் சரி என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக 23 ஆண்டுகளாக இந்தச் சீமையில் அலைந்துகொண்டிருப்பவன் நான். ஆகையால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது பென்ஸ், ஹாரியர் என்ற பெயர்களைவிட அவற்றின் ஆண்டும் ஊருமே என் கண்ணில் முதலில் பட்டன. 2017-ல் வந்து கொச்சியில் ஓடிய வண்டி 2018 ஆகஸ்டில் எங்கே நின்றது? 2019-ல் வந்து பாளையங்கோட்டையில் ஓடிய வண்டி 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கே நின்றது? பெரியாறு பெருகி ஆலுவாவும் வடக்கன் பறவூரும் மூழ்கிய வெள்ளம் முன்னது. தாமிரபரணி கரையேறி, சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றிய பகுதிகளை நீரில் நிறுத்திய வெள்ளம் பின்னது. இரண்டு வண்டிகளுக்கும் ஆளுக்கொரு வெள்ளம் இருக்கிறது. இதற்கு விடை கிடைத்த பிறகுதான் பென்ஸ் போன்ற தாழ்ந்த செடானா, ஹாரியர் போன்ற உயரமான எஸ்யூவியா என்ற பேச்சுக்கே இடமுண்டு.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எங்கே போகின்றன என்பதை என் தொழிலில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு வண்டியைச் சீர்செய்வதற்கான செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அதை முழுச்சேதமாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போய்விடும். ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லாரும் அதை உடைத்து உதிரிப்பாகமாக விற்பதில்லை. சிலர் கழுவி, காயவைத்து, தரைவிரிப்பை மாற்றி, வேறு ஊர்ச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். விலை உயர்ந்த வண்டி என்றால் இந்த மெனக்கெடலில் லாபமும் கூடுதல், கவனியுங்கள்.

சென்ற ஆண்டு வள்ளியூர்க்காரர் ஒருவர் தாம் வாங்கவிருந்த வண்டியைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்துப் போனார். புதிய சீட் உறை, கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவம், கண்ணாடிபோல் மினுங்கும் பாலிஷ். “அண்ணாச்சி, டாக்டர் வண்டியாக்கும், மழத்தண்ணியே பாத்தது கெடையாது” என்றார் புரோக்கர். நான் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது வரும்வரை முழுவதுமாக வெளியே இழுத்தேன். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு சாண் நீளத்தில், காப்பி டம்ளரின் அடியில் படியும் கறையைப்போல ஒரு கோடு ஓடியிருந்தது. பிறகு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பார்த்தேன், துரு. ஸ்டெப்னி குழியின் ஓரத்தில் விரலை விட்டபோது உலர்ந்த வண்டல் நகக்கண்ணில் ஏறியது. ஃபியூஸ் பெட்டிக்குக் கீழே இருந்த இணைப்பான் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, புளி காணாத செப்புப் பாத்திரத்தில் ஏறுவதுபோல் களிம்பு பூத்திருந்தது. புரோக்கர் பேச்சை நிறுத்திக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இவ்வளவுக்கும் பத்து நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. இந்த நான்கு இடங்களையும் இரண்டு வண்டிகளிலும் நீங்களே பாருங்கள். விற்பவர் தரைவிரிப்பைத் தூக்க விடவில்லை என்றால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்திலும் ஒரு தடயம் கிடைக்கும். பழைய காப்பீட்டுப் பத்திரங்களை ஆண்டுவாரியாகக் கேளுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி ஒன்று உண்டு. ஹாரியரின் பத்திரத்தில் அந்தத் தள்ளுபடி படிப்படியாக ஏறிவந்து, 2023 டிசம்பருக்குப் பிந்திய பத்திரத்தில் திடீரென்று சுழியாகியிருந்தால், அந்த ஆண்டு எதற்கு இழப்பீடு வாங்கினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டியோடு உங்களுக்கு வராது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் இரண்டுக்கும் பொது என்றாலும் அடி ஒன்றாக விழாது. ஜெர்மன் செடான்களில் இருக்கை, கதவு, ஒலிபெருக்கி, காற்றுப்பை என ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பல, இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் தரையிலும் தாழ்வாக உட்கார்ந்திருப்பவை. முழங்கால் அளவுத் தண்ணீர் ஓர் இரவு நின்றால் போதும். அந்த வண்டி அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு வாரமொரு புதிய எச்சரிக்கை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், காரணத்தை மட்டும் காட்டாது.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் பாதிக்குமேல் நீங்கள் வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ முக்கியமாகப்பட்டது முழங்கால் வலி பற்றிய அந்த ஒரே வரி. செடானில் ஏறுவதென்றால் உட்காருவது, இறங்குவதென்றால் எழுந்திருப்பது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இரண்டாவதுதான் வதை. நாற்காலியின் வழக்கமான உயரம் ஏறத்தாழ 45 செ.மீ. அம்மா வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார்கள் என்று பார்த்து, அதன் உயரத்தைத் தையல்காரர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு வண்டிகளிலும் தரையிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அளந்து பாருங்கள். செடானில் அந்த அளவு நாற்காலியை ஒட்டி வந்தாலும், காலைத் தரையில் நேராக ஊன்ற முடியாமல் வாசற்படி குறுக்கே நிற்பதால் எழுவது கடினம். உயரமான எஸ்யூவியில் சிக்கல் நேர்மாறு: இறங்குவது எளிது, சேலை கட்டிய 79 வயதுப் பெண்மணி அவ்வளவு உயரம் காலைத் தூக்கி ஏறுவது எளிதல்ல. என் தாயாருக்காக ஒருமுறை பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை டிக்கியில் ஆறு மாதம் சுமந்து திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹாரியருக்குப் பக்கப்படி வைத்துக்கொள்ளலாம், செடானைத் தூக்கி நிறுத்த வழியில்லை. எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அம்மாவை நேரில் அழைத்துப் போய், ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

தோட்டத்துப் பாதையில் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை. ஹாரியரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 205 மி.மீ. இடைவெளி உண்டு; வாழைத்தார் ஏற்றிய டிராக்டர்கள் அழுத்திவிட்டுப்போன சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடு தட்டாமல் போய்விடும். செடானில் அதே மேடு எண்ணெய்த் தொட்டியைத் தேடி வரும். டயரிலும் வேறுபாடு இருக்கிறது. அந்த ஆண்டு சி-கிளாஸில் பரவலாக வந்த டயர் 225/50, ஹாரியரின் மேல்நிலை வகைகளில் 235/65. இரண்டுமே 17 அங்குலம். முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கணக்குப் போட்டால் செடானுக்கு ஏறத்தாழ 112 மி.மீ., ஹாரியருக்கு 153 மி.மீ. பள்ளத்தில் விழும்போது உலோகச் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே நிற்பது அந்தச் சுவர் மட்டும்தான். போதாக்குறைக்கு, இங்கே விற்கப்பட்ட அந்தத் தலைமுறை சி-கிளாஸில் ஸ்டெப்னிக்கென்று தனிக்குழி இல்லாமல் அது டிக்கியிலேயே உட்கார்ந்திருக்கும்; மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் மூட்டைகளுக்கு இடம் எங்கே என்று உங்கள் மனைவி கேட்கத்தான் செய்வார்.

இதெல்லாம் ஹாரியருக்குச் சாதகம். ஆனால் அதன் அகலம் 1,894 மி.மீ.; சி-கிளாஸைவிட 8 செ.மீ. கூடுதல். கால்வாய்க்கரைச் சாலையில் எதிரே நெல் அறுவடை இயந்திரம் வந்தால் அந்த 8 செ.மீ. எவ்வளவு பெரியது என்று தெரியும். உங்கள் வீட்டுக் கேட்டையும் அளந்துவிடுங்கள். பக்கக் கண்ணாடிகளை விரித்த நிலையில் இன்னும் அகலம் வரும். மேலும், மாப்பிள்ளையிடம் பதமாகச் சொல்லுங்கள்: பெயர்தான் எஸ்யூவி, ஹாரியர் முன்சக்கர இயக்கம் மட்டுமே உடையது, நான்கு சக்கர இயக்கம் அதில் இல்லை. மழையில் ஊறிய களிமண் வயல்வரப்பில் இறங்கினால் அதுவும் செடானைப்போலத்தான் சுழன்றுகொண்டு நிற்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் இப்படிப் புதைந்த எஸ்யூவிகளை டிராக்டர் கட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர்களின் முகத்தில் இருந்தது வருத்தம் அல்ல, வியப்பு.

நான்குவழிச் சாலையில் ஏறியதும் கதை மாறிவிடுகிறது, இங்கே நான் செடான் கட்சி. தாழ்ந்த எடைமையம், பக்கவாட்டில் சாயாத உடல், வேகத்தில் சாலையைப் பற்றிக்கொண்டு போகும் நிதானம் ஆகியவை மதுரைக்கும் சென்னைக்கும் போய்த் திரும்பும்போது உடம்புக்குத் தெரியும். நாகர்கோவில் பாதை இதற்கு நல்ல சோதனை. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது, ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வண்டியின் விலாவில் வந்து மோதும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் உயரமான வண்டி அரை முழம் விலகும். ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பவருக்கு அபாயமில்லை, ஒரு கையில் செல்போன் வைத்திருப்பவரைப் பற்றி நான் பேசவில்லை. ஹாரியரும் பழைய சட்டக அமைப்பு வண்டி அல்ல, காரைப்போல ஒரே கூடாகக் கட்டப்பட்டது. ஆகவே பயப்படும் அளவுக்கு ஆட்டம் இருக்காது. ஆனாலும் மாதம் இரண்டு முறை இந்தப் பாதையில் போகிறவர் ஓர் ஆடி மாதப் பிற்பகலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

அடுத்தது பணம். கொச்சி வண்டிக்கு 17 லட்சம் என்பது தொடக்கம் மட்டுமே. கேரளப் பதிவு என்பதால் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுக்கான ஆயுள்வரியைக் கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம் ஆயுள்வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும் என்றாலும், கணக்குத் தொடங்குவது நீங்கள் கொடுக்கும் 17 லட்சத்திலிருந்து அல்ல, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையிலிருந்து. பேச்சை முடிக்கும் முன்பே அலுவலகத்தில் அந்தத் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள். கேரளத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. கைக்கு வரும்வரை அதை வரவில் எழுத வேண்டாம். இந்த வகையில் பாளையங்கோட்டை வண்டிக்குப் பெயர் மாற்றம் மட்டும்தான் வேலை.

அதைவிடப் பெரிய செலவு பழுதுபார்ப்பு. பென்ஸ் இன்று 17 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்பதற்காக அதன் உதிரிப்பாகங்கள் 17 லட்ச ரூபாய் வண்டியின் விலைக்கு இறங்கிவிடுவதில்லை. அவை 40 லட்ச ரூபாய் வண்டிக்கான விலையிலேயே நிற்கும். கோளாறு பெரிதாகி மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஏற்றிப்போக நேர்ந்தால், எந்தப் பக்கம் போனாலும் 150 கி.மீ.-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 18 லட்சம் வைத்திருப்பவர் 17 லட்சத்துக்கு அந்த வண்டியை வாங்கினால், வரியும் காப்பீடும் போக, முதல் பழுதுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. கடன் வாங்க விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியமே என்னைப் பொறுத்தவரை கொச்சி வண்டியைத் தள்ளிவைத்துவிட்டது. டெல்லியில் 10 ஆண்டு டீசல் வண்டிக்குக் கொண்டுவந்த கட்டுப்பாட்டை எண்ணிப் பலர் இங்கேயும் அஞ்சுகிறார்கள். நமக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் தகுதிச் சான்றோடு புதுப்பிக்கலாம். ஆகவே வண்டியின் வயது பற்றிய அந்த அச்சம் வேண்டாம்.

அப்படியானால் ஹாரியர்தானா என்றால், அந்த ஹாரியர்தான் என்று உடனே சொல்லமாட்டேன். காரணம் உங்கள் இடது முழங்கால். 2019-ல் வந்த ஹாரியர் அனைத்தும் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வண்டிகள்; தானியங்கி கியர் 2020-ல், பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற இயந்திரத்தோடுதான் வந்தது. அத்துடன் இயந்திரத்தின் திறனும் 140-லிருந்து 170 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஈரடுக்குப் பாலத்தடியிலும் டவுன் ரத வீதியிலும் மாலை நேரத்தில் மிதித்து மிதித்து ஓட்டுவது உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்பதை அரை மணி நேரம் அதே நெரிசலில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் முணுமுணுத்தால், 2020 அல்லது 2021-ன் தானியங்கி ஹாரியர் ஒன்றைத் தேடுங்கள். உங்கள் தொகைக்குள் கிடைக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. அந்த பி.எஸ்.6 டீசலின் புகைவடிகட்டியில் கரி சேரும். வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் தொடர்ந்து சீராக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது தலைவலி. மாதம் இரண்டு நாகர்கோவில் பயணம் உள்ள உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

கிளட்ச் பரவாயில்லை என்று முடிவானால் பாளையங்கோட்டை வண்டியில் சில பார்வைகள் பாக்கி. 74,000 கி.மீ. உண்மையா என்பதற்கு மீட்டரை நம்பாமல், சர்வீஸ் ரசீதுகளில் தேதியோடு எழுதிய கிலோமீட்டரை வரிசையாக வைத்துப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயர்களும் வெவ்வேறு ஆண்டு என்றால் காரணம் கேளுங்கள். இயந்திரத்தின் உள்பாகங்களை ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்; அது ஓடும்போது அறுந்தால் இயந்திரமே போய்விடும். ஒரு மாடல் வெளிவந்த முதல் ஆண்டில் செய்த வண்டி என்பதால், நிறுவனம் பின்னர் அளித்த மென்பொருள் திருத்தங்கள் ஏற்றப்பட்டனவா என்றும் சர்வீஸ் மையத்தில் பதிவெண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். கடன் பாக்கியும் அபராத நிலுவையும் இருக்கிறதா என்பது அரசின் எம்பரிவாஹன் செயலியிலேயே தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக வந்தால் பத்தரைக்குக் கேட்கும் வண்டியை ஒன்பதே முக்காலில் தொடங்கிப் பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் முன்னால் வாங்குங்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டு, விபத்துக்குப் பின் என் முன்னால் வந்து நின்றவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

பென்ஸ் ஆசையை நான் குறைத்து எண்ணவில்லை. நானும் செடானைத் தவிர வேறெதையும் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. தோட்டத்துக்கு ஒரு பைக்கோ பழைய ஜீப்போ தனியாக வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பதிவில், சர்வீஸ் வரலாறு முழுமையாக உள்ள ஒரு சி-கிளாஸை 14 லட்சத்துக்குள் பிடித்து, மீதி 4 லட்சத்தை அதற்கென்றே வங்கியில் தொடாமல் வைக்க முடியுமென்றால் வாங்குங்கள். நானே வந்து சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன்.